வயர்லெஸ் கன்ட்ரோலரில் அடையாளச் சரிபார்ப்பு தவறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

"வைஃபை வேலை செய்யவில்லை" என்று வரும் ஒரே புகாருக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு உரையாடல்களில் ஏதோ ஒன்று அறுந்திருக்கலாம். வைஃபை அலைகளை வீசும் கருவியான அக்சஸ் பாயின்ட், அத்தகைய கருவிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலரிடம் தன்னை நிரூபிப்பது ஒன்று. பயனரின் கருவி அக்சஸ் பாயின்ட் வழியாகக் கன்ட்ரோலரிடம் பேசுவது இன்னொன்று. அந்தப் பயனரைப் பற்றி, அடையாளங்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கன்ட்ரோலர் விசாரிப்பது மூன்றாவது. எது அறுந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். பிறகு உண்மையான பிழையைத் திருத்தினாலும், புதிதாக நுழைந்த பிழை அதை மறைத்துவிடும்.

ஆகவே எந்தப் புகார் வந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவது என் வழக்கம்: எதிர்முனை மறுத்ததா, அல்லது பதிலே சொல்லவில்லையா? கன்ட்ரோலரின் லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், ரேடியஸ் சர்வர் "ரிஜெக்ட்" அனுப்பியதாகப் பதிவாகியிருந்தால், இரண்டுக்கும் இடையிலான பாதை, போர்ட், இருபுறமும் பதிந்த ரகசியச் சொல்லான பகிர்வுச் சாவி மூன்றும் சரியாக இருக்கின்றன என்று அப்போதே முடிவுசெய்துவிடலாம். குறை பயனரின் விவரத்திலோ சர்வரின் கொள்கையிலோ இருக்கிறது. "டைம்அவுட்" என்று பதிவாகியிருந்தால் பயனரின் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பதில்தான் அதிக நேரம் வீணாகிறது.

இன்னொன்று கடிகாரம். கன்ட்ரோலர், ரேடியஸ் சர்வர், பயனர் கணக்குகள் இருக்கும் டைரக்டரி சர்வர் ஆகியவை ஒரே என்டிபி (நேர ஒத்திசைவு) மூலத்திலிருந்து நேரத்தைப் பெறுகின்றனவா என்று பாருங்கள். மின்தடைக்குப் பின் கன்ட்ரோலரின் நேரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றால், கருவிகள் தங்களை நிரூபிக்கக் காட்டும் எல்லாச் சான்றிதழ்களும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற நிலைக்கு வந்துவிடும். நேரம் ஒத்துப்போகாவிட்டால் மூன்று லாக்குகளையும் அருகருகே வைத்துப் படிப்பதும் முடியாது.

அக்சஸ் பாயின்ட் கன்ட்ரோலரின் பட்டியலில் தோன்றவே இல்லை

இது பெரும்பாலும் சரிபார்ப்புப் பிழை அல்ல. கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதே அக்சஸ் பாயின்டுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் ஒரே பிரிவில், இருந்தால் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் மூலம் கண்டுகொள்ளும். வேறு சப்நெட்டில் இருந்தால், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையின் ஆப்ஷன் 43, அக்சஸ் பாயின்டும் கன்ட்ரோலரும் பேசும் நெறிமுறையான கேப்வாப்புக்கென ஒதுக்கப்பட்ட ஆப்ஷன் 138, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில் பதிந்த பெயர், கையால் பதிந்த முகவரி, முன்பு சேர்ந்திருந்த கன்ட்ரோலரின் நினைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். எந்தெந்த வழிகளை ஏற்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

ஆப்ஷன் 43இல் நடக்கும் தவறு அடிக்கடி காணப்படுவதால் அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சிஸ்கோ நிறுவனத்தின் அக்சஸ் பாயின்ட்களுக்கு இந்த மதிப்பைப் பதினறும எண்களில் எழுதுவார்கள். கன்ட்ரோலரின் முகவரி 10.16.32.5 என்றால் எழுத வேண்டியது எஃப்1, 04, 0ஏ, 10, 20, 05 என்ற ஆறு பைட்டுகள். முதல் பைட் வகையைக் குறிக்கிறது. இரண்டாவது, அதற்குப் பின் எத்தனை பைட்டுகள் வருகின்றன என்பதைச் சொல்கிறது. மீதி நான்கும் முகவரி. பத்து 0ஏ ஆகவும், பதினாறு 10 ஆகவும் மாறுவதைக் கவனியுங்கள். தசம எண்ணை அப்படியே தட்டிவிட்டால் அக்சஸ் பாயின்ட் இல்லாத ஒரு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டாவது கன்ட்ரோலரைச் சேர்க்கும்போது அதன் நான்கு பைட்டுகளைக் கடைசியில் ஒட்டிவிட்டு, நீளத்தை 04இலிருந்து 08 ஆக மாற்ற மறப்பதும் இதே அளவுக்கு வழக்கமானது. அப்போது முதல் கன்ட்ரோலர் இயங்கும் வரை எதுவும் தெரியாது; அது நின்றுபோகும் நாளில்தான் மாற்று கன்ட்ரோலரை யாருமே அறியவில்லை என்பது வெளிப்படும்.

முகவரி சரி என்றால், இடையிலுள்ள ஃபயர்வாலில் யுடிபி 5246, 5247 ஆகிய இரண்டு போர்ட்களும் திறந்திருக்க வேண்டும். முன்னது கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு, பின்னது பயனர் தரவுக்கு. 2009இல் வெளியான கேப்வாப் தரநிலையே இவற்றை வகுத்திருக்கிறது. பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை) போகிறது என்பது இங்கே எதற்கும் சான்று ஆகாது. 5246 மட்டும் திறந்து 5247 மூடியிருந்தால் அக்சஸ் பாயின்ட் சேர்ந்ததுபோல் தோன்றிச் சிறிது நேரத்தில் விழும், மறுபடி சேரும், மறுபடி விழும்.

கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் சேர முடியவில்லை

உண்மையான சரிபார்ப்பு இங்கேதான் தொடங்குகிறது. கண்டுபிடித்த பிறகு அக்சஸ் பாயின்டும் கன்ட்ரோலரும் டிடிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறை வழியாக ஒன்றின் சான்றிதழை மற்றொன்று சரிபார்க்கின்றன. அது தோற்றால் கன்ட்ரோலரின் லாகில் டிடிஎல்எஸ் இணைப்பு மூடப்பட்டதாக ஒரு வரி மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. அக்சஸ் பாயின்ட்டின் கன்சோல் போர்ட்டில் கேபிளைச் செருகிப் பார்ப்பதே குறுகிய வழி. சான்றிதழ் காலாவதியா, வழங்கியவர் அறியப்படாதவரா, பதிலே வரவில்லையா என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடும். ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தாலும் ஒரு முறை ஏறிப் பார்ப்பது பயன் தரும்.

நேரம் சரியாக இருந்தும் சான்றிதழ் மறுக்கப்பட்டால் அதன் ஆயுளைப் பாருங்கள். பழைய சிஸ்கோ அக்சஸ் பாயின்ட்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டுகள். பத்து ஆண்டுகள் குறையின்றி ஓடிய கருவி ஒருநாள் மறுதொடக்கம் செய்த பிறகு சேராமல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து கழற்றிவிடாதீர்கள். இவ்வகைச் சான்றிதழின் காலாவதியைப் பொருட்படுத்தாமல் ஏற்கும்படி கன்ட்ரோலரிலேயே அமைக்க வழி உண்டு. இதற்கு நெருங்கிய இன்னொரு நிகழ்வும் உண்டு. அதே நிறுவனத்தின் சில பழைய மாதிரிகளுக்கான மென்பொருளில் கையொப்பமிடப் பயன்பட்ட சான்றிதழ் 2022 டிசம்பர் 4 அன்று காலாவதியானது. அதன் பின், பழைய மென்பொருள் பதிப்பில் இயங்கும் கன்ட்ரோலரோடு புதிதாகச் சேர வரும் அக்சஸ் பாயின்ட் மென்பொருளை இறக்கும், சரிபார்ப்பில் தோற்கும், மீண்டும் இறக்கும். இப்படி முடிவின்றிச் சுழல்வதைக் கண்டால் எந்த அக்சஸ் பாயின்ட் சேரலாம் என்ற பட்டியலைத் திருத்துவதில் பயனில்லை. கன்ட்ரோலரின் பதிப்பை உயர்த்த வேண்டும்.

சர்வரில் மெய்நிகர் கருவியாக ஓடும் கன்ட்ரோலர்களில் தொழிற்சாலைச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதில்லை. நிறுவும்போது ஒரு சான்றிதழை உருவாக்கி, மேலாண்மை இடைமுகத்தோடு இணைத்தால்தான் அக்சஸ் பாயின்ட்கள் சேரும். அந்தப் படியைத் தவறவிட்டிருந்தால் ஒன்றிரண்டு அல்ல, ஒரு அக்சஸ் பாயின்ட் கூடச் சேராது. எல்லாமே வெளியே நிற்கின்றன என்றால் கன்ட்ரோலரின் சான்றிதழையும், ஒன்று மட்டும் நிற்கிறது என்றால் அந்த அக்சஸ் பாயின்ட்டின் சான்றிதழையும் சந்தேகிப்பது பொதுவாகப் பலன் தருகிறது.

சான்றிதழ் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படலாம். அனுமதிக்கப்பட்ட மேக் முகவரிகளின் (கருவியின் வலையமைப்பு வன்பொருளுக்குரிய எண்களின்) பட்டியலை இயக்கியிருந்தால், அதில் இருக்க வேண்டியது அக்சஸ் பாயின்ட்டின் ஈதர்நெட் மேக் முகவரி. கன்ட்ரோலரின் திரைகள் பலவற்றில் முன்னால் நிற்பது ரேடியோவின் அடிப்படை மேக் முகவரி; இரண்டும் ஒன்றல்ல. பெட்டியிலோ கருவியின் பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் முகவரியைப் பார்த்தே பதியுங்கள். பட்டியல் ரேடியஸ் சர்வரில் இருந்தால் முகவரியை எந்த வடிவத்தில் கன்ட்ரோலர் அனுப்புகிறது என்பதும் முக்கியம்: இடையில் முக்காற்புள்ளி உண்டா, கோடு உண்டா, எழுத்துகள் பெரியவையா சிறியவையா. சர்வரின் லாகில் வந்த பெயரை அப்படியே நகலெடுத்துக் கணக்கை உருவாக்குவது ஊகத்துக்கு இடம் தராது. கேபிளுக்குப் பதில் வைஃபை வழியே ஒன்றோடொன்று இணையும் மெஷ் முறையில் இயங்கும் அக்சஸ் பாயின்ட்களுக்குப் பொதுப் பட்டியல் இயக்கப்படாவிட்டாலும் சில கன்ட்ரோலர்கள் இந்த அனுமதியைக் கட்டாயமாகக் கேட்கும்.

அக்சஸ் பாயின்ட்டின் ரேடியோ எந்த ஒழுங்குமுறைப் பகுதிக்காகத் தயாரிக்கப்பட்டதோ அதற்குரிய நாட்டுக் குறியீடு கன்ட்ரோலரில் இயக்கப்படாவிட்டாலும் சேர்க்கை முறியலாம், அல்லது சேர்ந்த பின் ரேடியோ அணைந்தே இருக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

அக்சஸ் பாயின்டுக்கு மின்சாரம் வருகிறது, ஐபி முகவரி வரவில்லை

ஸ்விட்ச் போர்ட்டிலேயே 802.1எக்ஸ், அதாவது தன்னை நிரூபித்த கருவியை மட்டும் வலையமைப்பில் விடும் முறை, இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அக்சஸ் பாயின்ட் முதலில் ஸ்விட்சிடம் தன்னை நிரூபித்தாக வேண்டும். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கன்ட்ரோலரிலிருந்துதான் அக்சஸ் பாயின்டுக்குப் போகின்றன. கன்ட்ரோலரை அடையவோ போர்ட் திறக்க வேண்டும். புதிய கருவியை நேரடியாக இந்தப் போர்ட்டில் மாட்டினால் இந்த முடிச்சு தானாக அவிழாது. சரிபார்ப்பு இல்லாத ஒரு போர்ட்டில் முதலில் சேர்த்து, விவரங்கள் இறங்கிய பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவதே நேரான வழி. பல விலான்களை (ஒரே கேபிளில் பிரித்துவைத்த தனி வலையமைப்புகளை) சுமக்கும் போர்ட் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அக்சஸ் பாயின்ட் நுழைந்த பிறகு அதன் வழியே வரும் ஒவ்வொரு பயனரின் மேக் முகவரியையும் தனித்தனியே சரிபார்க்க ஸ்விட்ச் முனையும். அந்தப் போர்ட்டை, முதலில் நிரூபித்த கருவிக்குப் பின் வருபவற்றையும் ஏற்கும் நிலையில் வைக்க வேண்டும்.

ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. கன்ட்ரோலர் "டைம்அவுட்" என்கிறது

ரேடியஸ் சர்வர் மௌனமாக இருப்பதற்கு அது இறந்துகிடப்பது மட்டும் காரணமல்ல. 2000இல் வெளியான ரேடியஸ் தரநிலையே சில சூழ்நிலைகளில் பதில் சொல்லக் கூடாது என்று சர்வருக்குக் கட்டளையிடுகிறது. தன் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து கேள்வி வந்தால் சர்வர் அதை ஓசையின்றித் தள்ளிவிட வேண்டும். எனவே சர்வரின் லாகில் "அறியப்படாத கிளையன்ட்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கன்ட்ரோலருக்கு மேலாண்மை, பயனர், சர்வீஸ் போர்ட் எனப் பல இடைமுகங்கள் இருப்பதால், நீங்கள் பதிந்த முகவரி ஒன்றாகவும் கேள்வி புறப்படும் முகவரி வேறொன்றாகவும் இருக்க முடியும். இரட்டைக் கன்ட்ரோலர்களில் ஒன்று விழுந்து மற்றது பொறுப்பேற்ற அன்றே எல்லாரும் வெளியேற்றப்பட்டால், இரண்டாவதன் முகவரி சர்வரில் பதியப்படவில்லை என்பதே பெரும்பாலும் விடை.

பகிர்வுச் சாவி பொருந்தாதபோது வரும் அறிகுறி விசித்திரமானது. அதைப் புரிந்துகொண்டால் அரை நாள் மிச்சமாகும். 802.1எக்ஸ் பயனரின் கேள்விகளில் மெசேஜ் ஆதென்டிகேட்டர் என்ற முத்திரை எப்போதும் இருக்கும். சாவி வேறுபட்டால் அந்த முத்திரை பொய்யாகும்; சர்வர் கேள்வியைத் தள்ளிவிடும்; கன்ட்ரோலருக்கு மௌனம். ஆனால் வலைப்பக்க உள்நுழைவு, மேக் முகவரிச் சரிபார்ப்பு போன்ற எளிய முறைகளில் அந்த முத்திரை இல்லாமலும் கேள்வி போகலாம். அப்போது சர்வர் தவறான சாவியால் கடவுச்சொல்லை அவிழ்த்துக் குப்பையைப் பெற்று, "கடவுச்சொல் தவறு" என்று தன் லாகில் எழுதி மறுப்பை அனுப்பும். அந்த மறுப்பின் கையொப்பமும் அதே தவறான சாவியால் போடப்பட்டதால் கன்ட்ரோலர் அதை ஏற்காது. சர்வர் மறுத்தேன் என்கிறது, கன்ட்ரோலர் பதிலே வரவில்லை என்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், சாவியை இருபுறமும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். நான் ஒருமுறை கண்ட தவறு, ஆவணத்திலிருந்து நகலெடுத்த சாவியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வெற்றிடம். திரையில் நட்சத்திரக் குறிகள் மட்டுமே தெரிந்ததால் அந்த ஒரு குறி அதிகமாக இருந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகு சாவியை ஒட்டுவதை விட்டுவிட்டுக் கையால் தட்டுகிறேன்.

போர்ட்களும் மாறியிருக்கலாம். இப்போதைய வழக்கம் சரிபார்ப்புக்கு 1812, கணக்குப்பதிவுக்கு 1813. பழைய அமைப்புகள் 1645, 1646 ஆகியவற்றில் நிற்கும்.

2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற பலவீனம் வெளியிடப்பட்டதிலிருந்து இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அதைத் தடுக்க வந்த புதுப்பிப்புகள், எல்லாக் கேள்விகளிலும் மெசேஜ் ஆதென்டிகேட்டர் முத்திரை இருக்க வேண்டும் என்று சர்வரைக் கேட்க வைக்கின்றன. சர்வரைப் புதுப்பித்து அந்தக் கண்டிப்பை இயக்கிய பிறகு 802.1எக்ஸ் பயனர்கள் வழக்கம்போல் நுழைந்து, விருந்தினர் பக்கமும் மேக் முகவரிச் சரிபார்ப்பும் மட்டும் மௌனத்தில் முடிந்தால், கன்ட்ரோலரின் பதிப்பு முத்திரை இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்டிப்பைத் தளர்த்துவதைவிடக் கன்ட்ரோலரைப் புதுப்பிப்பதே சரி. அந்தப் பலவீனம், பாதையின் நடுவே இருப்பவர் மறுப்பை ஏற்பாக மாற்ற இடம் தருகிறது.

சர்வர் "ரிஜெக்ட்" அனுப்புகிறது

மறுப்பு வந்தால் காரணத்தைக் கன்ட்ரோலரில் தேடாதீர்கள். அது சர்வரின் லாகில் இருக்கிறது. கணக்கு பூட்டப்பட்டது, கடவுச்சொல் காலாவதியானது, எந்தக் கொள்கை விதியும் பொருந்தவில்லை என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கும். விதி பொருந்தவில்லை என்றால் கன்ட்ரோலர் அனுப்பும் பண்புகளை ஒவ்வொன்றாக விதியோடு ஒப்பிடுங்கள். விதி வைஃபை பெயரைக் கொண்டு பிரிக்கிறது என்றால், அந்தப் பெயர் மேக் முகவரிக்குப் பின் ஒட்டிக்கொண்டு வருகிறதா தனியாக வருகிறதா என்பது கன்ட்ரோலரின் ஒரு தேர்வைப் பொறுத்தது.

கவனமாகச் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. பல கன்ட்ரோலர்களில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ரேடியஸைச் சோதிக்கும் கட்டளை உண்டு. அது வெற்றி என்று சொன்னால் பாதையும் சாவியும் கணக்கும் சரி என்று மட்டுமே பொருள். அந்தச் சோதனை வழக்கமாக பிஏபி என்ற எளிய முறையில் நடக்கிறது. பயனரின் கருவியோ பிஇஏபி என்ற மறைகுறிச் சுரங்கத்துக்குள் எம்எஸ்சாப் வி2 என்ற கடவுச்சொல் முறையில் பேசுகிறது. எம்எஸ்சாப் வி2 சரிபார்க்கச் சர்வரிடம் கடவுச்சொல்லின் மூலவடிவமோ அதிலிருந்து கணக்கிட்ட விண்டோஸ் வகை என்டி ஹாஷோ இருக்க வேண்டும். எல்டாப் வகை டைரக்டரியில் கடவுச்சொற்கள் உப்பிட்ட (தற்செயல் குறிகள் கலந்த) எஸ்எச்ஏ ஹாஷாகச் சேமிக்கப்பட்டிருந்தால், சோதனைக் கட்டளை எப்போதும் வெல்லும், உண்மையான பயனர் எப்போதும் தோற்பார். இது எந்த அமைப்பு மாற்றத்தாலும் தீராது. அந்தச் சூழலில் இஏபி-டிடிஎல்எஸ் என்ற சுரங்கத்துக்குள் பிஏபி அனுப்புவது அல்லது சான்றிதழ் அடிப்படையிலான இஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாறுவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சுரங்க முறையின் பெயர், அக்சஸ் பாயின்ட் பேசும் டிடிஎல்எஸ் நெறிமுறையின் பெயரைப் போலவே தமிழில் ஒலித்தாலும் இரண்டும் வேறு வேறு.

நிறுவனப் பதிப்பு விண்டோஸ் 11 கணினிகள் 22எச்2 வெளியீட்டுக்கு உயர்ந்த பிறகு தானியங்கி உள்நுழைவு மட்டும் நின்று, கடவுச்சொல்லைக் கையால் கொடுத்தால் நுழைய முடிகிறது என்றால், கிரெடென்ஷியல் கார்டு என்ற பாதுகாப்பு அந்த வெளியீட்டில் தகுதியுள்ள கணினிகளில் தானாக இயங்கத் தொடங்கியதே காரணம். எம்எஸ்சாப் வி2வுக்காகச் சேமித்த உள்நுழைவு விவரத்தை எடுத்துக் கொடுக்க அது விடாது. அதை அணைப்பதற்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பேச்சு தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது

ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. சர்வர் சவாலை அனுப்பிவிட்டுக் கருவியின் பதிலுக்காகக் காத்திருந்து கைவிட்டது என்று லாக் சொல்கிறது. இதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு.

முதலாவது, கருவி சர்வரின் சான்றிதழை நம்பவில்லை. சர்வரின் சான்றிதழைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் புகார்கள் வந்தால் ஆராய அதிகம் இல்லை: புதிய சான்றிதழை வழங்கிய மூல அமைப்பு கருவிகளில் பதியப்படவில்லை, அல்லது இடைநிலைச் சான்றிதழைச் சர்வர் சேர்த்து அனுப்பவில்லை. ஆண்ட்ராய்டு கருவிகளில் 2020 இறுதியில் வந்த புதுப்பிப்பிலிருந்து "சரிபார்க்க வேண்டாம்" என்ற தேர்வு நீக்கப்படத் தொடங்கியது. அதற்கு முன் பிழையின்றிச் சேர்ந்தவர்கள் புதிய கைபேசியில் சேர முடியாமல் திணறுவதற்கு அதுவே காரணம். மூலச் சான்றிதழையும், சர்வர் சான்றிதழில் உள்ள டொமைன் பெயரையும் கைபேசியில் கொடுக்க வேண்டும். அந்தத் தேர்வு மறைந்தது நல்லதே. சரிபார்க்காத கைபேசி, அதே வைஃபை பெயரில் எவர் ஒரு போலி அக்சஸ் பாயின்ட் வைத்தாலும் அவரிடம் உள்நுழைவு விவரத்தை நீட்டிவிடும்.

இரண்டாவது, பாக்கெட்டின் பருமன். பிஇஏபி பயனர்கள் நுழைகிறார்கள், இஏபி-டிஎல்எஸ் பயனர்கள் மட்டும் எப்போதும் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள் என்றால் இதைச் சந்தேகியுங்கள். சான்றிதழைச் சுமந்துவரும் கருவியின் செய்தி பெரியது. கன்ட்ரோலர் அதை ரேடியஸ் உறைக்குள் இடும்போது 1500 பைட் வரம்பைத் தாண்டி ஐபி நிலையில் துண்டாகிறது. வழியிலுள்ள ஃபயர்வாலோ மறைகுறி சுரங்கமோ இரண்டாவது துண்டைக் கைவிட்டால் சர்வருக்கு முழுக் கேள்வி போய்ச்சேராது. கன்ட்ரோலரின் பக்கத்திலும் சர்வரின் பக்கத்திலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து ஒப்பிட்டால், இங்கே புறப்பட்டது அங்கே வராததைக் கண்ணால் காணலாம். துண்டுகளை அனுமதிக்கும்படி ஃபயர்வாலைத் திருத்துவதே முழுத் தீர்வு. சர்வர் அனுப்பும் செய்திகள் பெரியவையாக இருந்தால், சர்வரின் கொள்கையில், செய்தியின் அதிகபட்ச அளவைக் குறிக்கும் ஃப்ரேம்டு-எம்டியு மதிப்பை 1344 அல்லது அதற்குக் கீழே வைத்து அவற்றைச் சிறிதாக்கலாம். எதிர்த்திசையில் துண்டாகும் கேள்விகளுக்கு அது மட்டும் போதாமல் போகலாம்.

பொதுக் கடவுச்சொல் உள்ள வைஃபையில் சேர முடியவில்லை

இருபுறமும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பதை உறுதிசெய்யும் நான்கு படிக் கைகுலுக்கலில், கருவி அனுப்பும் இரண்டாவது செய்தியில்தான் கடவுச்சொல் தவறு என்பது அக்சஸ் பாயின்டுக்குத் தெரியவரும். அது மறுப்பு எதையும் அனுப்பாமல் முதல் செய்தியையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கடைசியில் காரணக் குறியீடு 15 என்று பதிந்து துண்டிக்கும். லாகில் 15 இருந்தால் முதல் ஊகம் கடவுச்சொல்லாகவும், அடுத்தது வலுவற்ற சிக்னலாகவும் இருக்கட்டும். கடவுச்சொல் 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். அதிலிருந்து சாவி உருவாகும்போது வைஃபை பெயரும் கலக்கப்படுகிறது. ஆகவே 64 பதினறும எண்களாகச் சாவியை நேரடியாகப் பதிந்திருப்பவர்கள் வைஃபை பெயரை மாற்றினால் சாவியையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

கடவுச்சொல் சரி, பழைய கருவிகள் மட்டும் சேரவில்லை என்றால், அண்மையில் புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3, இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளைக் காக்கும் மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு, ஒரு அக்சஸ் பாயின்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர உதவும் 802.11ஆர் விரைவு மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இயக்கப்பட்டதா என்று கேளுங்கள். டபிள்யூபிஏ3இல் அந்தப் பாதுகாப்பு கட்டாயம். அதை அறியாத கருவிகளுக்குத் தனி வைஃபை பெயர் வைப்பதே அமைதியான ஏற்பாடு.

சரிபார்ப்பு வெற்றி, ஆனால் ஐபி முகவரி இல்லை

கருவியில் 169.254 என்று தொடங்கும், முகவரி கிடைக்காதபோது கருவி தானே வைத்துக்கொள்ளும் முகவரி நிற்கிறது. சர்வர் பயனரை ஏற்று, அவரை ஒரு விலானுக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறது. அந்த விலான் போய்ச்சேரும் இடத்தில் இல்லை. சர்வர் மூன்று பண்புகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும்: டனல் வகை 13, டனல் ஊடகம் 6, குழு எண்ணில் விலானின் எண். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கன்ட்ரோலர் அதைப் பொருட்படுத்தாமல் வைஃபையின் இயல்பான விலானிலேயே பயனரை விடக்கூடும். மூன்றும் வந்தும் பயனர் இயல்பான விலானிலேயே நின்றால், சர்வரின் சொல்லை ஏற்கும் தேர்வு அந்த வைஃபையில் இயக்கப்படவில்லை. பயனர் தரவு அக்சஸ் பாயின்ட்டிலேயே பிரிந்துபோகும் கிளை அலுவலக அமைப்பில் அந்த விலான் கன்ட்ரோலரில் இருந்தால் போதாது, அக்சஸ் பாயின்ட் மாட்டிய ஸ்விட்ச் போர்ட்டிலும் இருக்க வேண்டும்.

விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லை

பக்கம் திறக்க, நுழையாத பயனருக்கும் ஐபி முகவரியும் டிஎன்எஸ் விடையும் கிடைத்தாக வேண்டும். பெயர் தீர்க்கப்படாவிட்டால் உலாவி எந்த இணைப்பையும் தொடங்காது; தொடங்காத இணைப்பைக் கன்ட்ரோலரால் திருப்பிவிட முடியாது. எனவே நுழைவுக்கு முந்தைய விதிகளில் டிஎன்எஸ்ஸையும், பக்கம் வெளிச் சர்வரில் இருந்தால் அதன் முகவரியையும் அனுமதியுங்கள். எச்டிடிபிஎஸ் தளத்தைத் தட்டிச் சோதித்தால் சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும். சாதாரண எச்டிடிபி முகவரியைக் கொண்டு சோதியுங்கள்.

உள்நுழைவுப் பக்கத்துக்காகக் கன்ட்ரோலர் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியையும் பாருங்கள். முன்பு அதற்கு 1.1.1.1 என்று வைப்பது பரவலான பழக்கம். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் அதே முகவரியில் பொது டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியபின், அந்தச் சேவையைப் பயன்படுத்தும் கருவிகளின் கேள்விகள் கன்ட்ரோலரிடமே போய் முடங்குகின்றன. ஆவணங்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியிலுள்ள 192.0.2.1 பாதுகாப்பான மாற்று.

பதிந்த கருவி திடீரென அந்நியமாகிறது

மேக் முகவரியால் அனுமதிக்கும் வைஃபையில் நேற்று வரை சேர்ந்த கைபேசி இன்று மறுக்கப்பட்டால், லாகில் வந்திருக்கும் முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்று என்றால் அது கைபேசி தானாகப் புனைந்துகொண்ட முகவரி. 2019இல் ஆண்ட்ராய்டு 10இலும், 2020இல் ஐஓஎஸ் 14இலும் இது இயல்பான நடத்தை ஆனது. பயனர் அந்த வைஃபைக்கு மட்டும் உண்மையான முகவரியைப் பயன்படுத்தும்படி கைபேசியில் மாற்றிக்கொள்ளலாம். எவரும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றை அடையாளமாக நம்பும் இந்த முறையை, அச்சுப்பொறி போன்ற வேறு வழியற்ற கருவிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அரை மணிக்கு ஒரு முறை இணைப்பு அறுகிறது

இடைவெளி கடிகாரம் போல் சீராக இருந்தால் அது சிக்னல் கோளாறு அல்ல. சில கன்ட்ரோலர்களில் அமர்வுக் கால வரம்பு 1800 விநாடியாக வைக்கப்பட்டிருக்கும். அது முடிந்ததும் முழுச் சரிபார்ப்பு மறுபடி நடக்கும். பெரும்பாலானோர் அதை உணர மாட்டார்கள். ஆனால் சர்வர் தாமதமாகப் பதிலளித்தால் குரல் அழைப்பு அறுந்துவிடும். வரம்பை நீட்டலாம், ஆனால் சர்வரின் தாமதத்தையும் விசாரித்தாக வேண்டும். சர்வரும் தன் பதிலில் கால வரம்பை அனுப்பக்கூடும் என்பதால், கன்ட்ரோலரில் மாற்றியும் பலனில்லை என்றால் அங்கே பாருங்கள்.

எல்லாம் திருத்தியாயிற்று, ஒரு கருவி மட்டும் இன்னும் மறுக்கப்படுகிறது

தொடர்ந்து தோற்ற கருவியைக் கன்ட்ரோலர் சிறிது காலம் விலக்கிவைக்கும். சிஸ்கோவின் பழைய கன்ட்ரோலர்களில் மூன்று தோல்விகளுக்குப் பின் அடுத்த முயற்சியில் விலக்கப்படும். இயல்பான விலக்கு 60 விநாடி, காலவரையின்றி நீட்டவும் முடியும். அந்த நேரத்தில் சோதித்தால் சரியான திருத்தமும் தவறாகத் தோன்றும். விலக்குப் பட்டியலிலிருந்து கருவியை நீக்குங்கள். டைரக்டரியில் கணக்கு பூட்டப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். கருவியில் அந்த வைஃபையை மறக்கச் செய்து, பழைய விவரம் எஞ்சாமல் புதிதாகச் சேருங்கள். அதே பயனரின் இன்னொரு கருவி, பையில் கிடக்கும் பழைய கைபேசி கூட, மாற்றப்படாத கடவுச்சொல்லோடு விடாமல் முயன்று கணக்கை மீண்டும் பூட்டிக்கொண்டிருக்கலாம். சர்வரின் லாகில் அந்தப் பயனர் பெயருக்கு எதிரே எத்தனை மேக் முகவரிகள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.